ரஜிதனின் மூன்றாவது ஆட்டம்

என் தம்பி ரஜிதன் சம்பளத்துக்குப் பந்து எறிகிறவன். ஜெர்மனியின் பீலெஃபெல்டில் பிறந்து, அங்கேயே மின்வேலைக்கு ஆவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்தான். பகலில் கட்டடங்களுக்கு வயர் இழுத்தான். மாலையில் அமெரிக்கன் ஃபுட்போல் பயிற்சிக்குப் போனான். அவன் குவாட்டர்பக். தன் ஆட்களை வட்டமாக நிறுத்தி, அடுத்து யார் எங்கே ஓட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பந்தை எறிகிறவனுக்கு அதுதான் பெயர். ஜெர்மன் அணிகள் அந்த இடத்துக்குப் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தே ஆள் எடுக்கும். இங்கே பிறந்தவனுக்கு மைதான ஓரத்து வாங்கில் உட்கார்ந்திருக்கும் வேலைதான்.

ரஜிதனும் உட்கார்ந்துதான் இருந்தான். இந்த வசந்தத்தில் அணியின் அமெரிக்கன் முழங்காலை உடைத்துக்கொண்டு ஊருக்குப் போக, வேறு ஆள் கிடைக்கும்வரை என்று இவனை இறக்கினார்கள். முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்று கொடுத்தான். ஆள் தேடுவதை நிறுத்திவிட்டு ஒப்பந்தத்தை இவனிடமே நீட்டினார்கள்.

“உந்த முட்டைப் பந்தை எறிஞ்சு சம்பளம் வாங்கிற முதல் தமிழன் என்ரை பெடியன்தான்,” என்று அப்பா கடை கடையாகச் சொல்லித் திரிந்தார்.

“இஞ்சாருங்கோ, வேற ஒரு தமிழனும் அந்தப் பக்கம் போகேல்லை. அதுதான் இவன் முதல்,” என்றார் அம்மா.

வேலை விஷயமாக நெடும்பயணம் போய் வந்த நான் பையைக்கூட அவிழ்த்திருக்கவில்லை. அந்த வாரம்தான் மூன்றாவது ஆட்டம். எதிரணிக்காரன் ஒருவன் பக்கவாட்டில் வந்து மோதினான். தலைக்கவசம் நிலத்தில் அடித்த சத்தம் பார்வையாளர் வரிசையில் நாங்கள் இருந்த இடம்வரை கேட்டது. ரஜிதன் எழுந்து நடந்தான், ஆனால் எதிரணியின் பக்கமாக. அவர்களில் ஒருவனே தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டான்.

மூளையதிர்ச்சி என்றார் அணி மருத்துவர். ஆறுமுன் இன்னொரு அடி விழுந்தால் ஆயுளுக்கும் கேடு வரலாம் என்றும் சொன்னார். நினைவையும் வேகத்தையும் அளக்கும் கணினிச் சோதனை ஒன்று இருந்தது. பருவத்தின் தொடக்கத்தில் எடுத்த அளவோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒத்திருந்தால் விளையாட விடுவார்கள். ஒத்திருக்காவிட்டால் வேறொரு அமெரிக்கன் வருவான்; ரஜிதன் பழையபடி வாங்குக்குப் போவான்.

அவன் அறைத் திரையை இழுத்துவிட்டுப் படுத்திருந்தான்.

“தலை இடிக்குதோ, தம்பி?”

“இல்லையம்மா.”

அம்மா வாசலில் நின்று கேட்பதும் அவன் இல்லை என்பதும் நாள் முழுக்க நடந்தது. எனக்கு அந்த ‘இல்லை’ பிடிக்கவில்லை. கேட்டு முடிக்குமுன்பே வந்துவிடுகிறது. ஆனால் சோதனையில் தேறிவிட்டான். சனிக்கிழமை அடுத்த ஆட்டத்தில் விளையாடலாம். வெள்ளி மாலை அம்மா அர்ச்சனைத் தட்டோடு எல்லோரையும் கோயிலுக்கு இழுத்துப் போனார்.

தொழிற்பேட்டைக்குள், டயர்க் கடையை ஒட்டியிருக்கிறது கோயில். ஐயர் தட்டை வாங்கினார்.

“பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ தம்பி.”

“ரஜிதன்,” என்றான். பிறகு நட்சத்திரம் வரவில்லை.

பேசத் தொடங்கிய வயதிலிருந்து இதே இடத்தில் நின்று அவன் சொல்லிவந்த சொல் அது.

“என்ன தம்பி, பந்தோடை சேர்த்து அதையும் எறிஞ்சுபோட்டீரோ?” என்றார் ஐயர். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ரஜிதனும் சிரிக்கப் பார்த்தான். கண்கள் மட்டும் எதையோ தேடின.

“சதயம்,” என்றார் அம்மா. அவர் சிரிக்கவில்லை.

வெளியே வந்ததும் கார்க் கதவை மறித்து நின்றார்.

“ரெஸ்ற்றிலை என்ன செய்தனி?”

“பாஸ் பண்ணினனான்.”

“என்ன செய்தனி எண்டு கேக்கிறன்.”

ரஜிதன் நிலத்தைப் பார்த்தான். “சீசன் தொடங்கேக்கை எடுத்த முதல் ரெஸ்ற்றை வேணுமெண்டு பிழையாச் செய்தனான். கனபேர் செய்யிறவை அம்மா. அது குறைவா இருந்தா, பிறகு அடிபட்டாலும் வித்தியாசம் தெரியாது.”

“எட விசரா,” என்றார் அப்பா.

“நாளைக்கு ஒருக்கா விடுங்கோம்மா. அமெரிக்கன் வந்தா எனக்கு இனி இடமில்லை.”

“இடமில்லாட்டி வயர் இழு. அந்தப் பெடியளை வட்டமா நிப்பாட்டிப்போட்டு இப்பிடி முழிச்சா, அவங்கள் எங்கையடா ஓடுவாங்கள்?”

அவன் காரில் சாய்ந்தான். தன் ஆட்டத் திட்டங்களின் பெயர்களை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். பாதியில் நின்றான். மறுபடி தொடங்கினான். இந்த முறை அதற்கும் முன்பே நின்றுபோனது. பிறகு அவனே கைபேசியை எடுத்து மருத்துவரை அழைத்து, முதல் சோதனையில் தான் செய்த மோசடியை ஜெர்மனில் சொன்னான். உடனே மருத்துவமனைக்குப் போகச் சொன்னார் அவர். அப்பாவிடம் சாவியை வாங்கி நான் காரை எடுத்தேன்.

ஸ்கானில் இரத்தக்கசிவு இல்லை. இந்தப் பருவம் முழுக்க விளையாட்டும் இல்லை. அடுத்த பருவத்தைப் பற்றி அணியில் யாரும் வாய் திறக்கவில்லை.

புது அமெரிக்கன் வந்துவிட்டான். நல்ல பெடியன். அணியின் ஆட்டத் திட்டங்களைப் பாடமாக்க ரஜிதனைத்தான் தொலைபேசியில் கேட்கிறான். இவன் ஒவ்வொன்றாகச் சொல்லும்போது அம்மா அடுப்பை விட்டு வந்து வாசலில் நிற்கிறார். அந்தப் பெயர்களில் ஒன்றும் அவருக்கு விளங்காது. எங்கேயாவது தடுமாறுகிறானா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.