எனக்கு வரவேண்டிய இருபத்தொரு நிமிஷம்

தேயிலைத் தோட்டத்தில், ரெண்டே அறை உள்ள லயத்து வீட்டில் ஒன்பது பேரோடு பிறந்து வளர்ந்தவன் நான். பள்ளிக்கூடம் அஞ்சாம் வகுப்போடு சரி. அதற்கப்புறம் கட்டினதெல்லாம் இந்தக் கையால்தான். ரத்தோட்டையில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிற கடை. அடைமழையிலும் மிளகு காய்கிற மாதிரி கூரை போட்ட களம்; அப்படி ஒன்று அப்போது அந்தப் பக்கத்தில் எந்த முதலாளியிடமும் கிடையாது. அரவை மில். ரெண்டு லொறி. மாடி வீடு. ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிற மகள். கடன் கேட்டுப் போனபோது "கையெழுத்தே கோணலா இருக்கே, உங்களுக்கு எதுக்கு மில்லு?" என்று கேட்ட பாங்கு மாத்தயா, பிற்காலத்தில் என் மில்லுக்கே மல்லி அரைக்க வந்து வரிசையில் நின்றார். முதலில் அவருக்குத்தான் அரைத்துக் கொடுத்தேன். எனக்கு அவ்வளவு பெரிய மனசு.

அறுபத்தெட்டு வயசில் என் காலையும் நானே கட்டினேன். சீனி வருத்தம் கூடிவிட்டது, நடங்கப்பா என்றாள் மகள். நடந்தேன். நடை ஓட்டமாச்சு. ஓடத் தொடங்கினால் மரதன்தான் ஓட வேண்டும், நாற்பத்திரண்டு கிலோமீட்டர். எங்கள் லயத்தில் பிறந்த ஒருத்தரும் ஓடாத தூரம். ஆனால் அதை நடத்துகிறவர்கள் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். அறுபத்தஞ்சு தாண்டினவர்கள் முதலில் ஒரு பத்துக் கிலோமீட்டர் பந்தயத்தை ஒன்றரை மணித்தியாலத்துக்குள் முடித்த சான்றிதழ் காட்ட வேண்டும்.

"ஒரு நிமிஷம் பிந்தினாலும் மரதன் ஃபாரத்தைக் கிழிச்சிருவேன்ப்பா. அதுக்கப்புறம் இந்தப் பேச்சே இருக்கக் கூடாது" என்றாள் மகள்.

"நீ பேனையை எடுத்து வை" என்றேன்.

ரிவர்ஸ்டன் மலை தாண்டி லக்கல பக்கம் நடந்த பந்தயம் அது. காலை ஆறு மணி. நெஞ்சில் குத்தின இலக்கம் எனக்கே தெரியாத அளவுக்குப் பனி. எனக்குப் பின்னால் கார்மெண்ட் ஃபெக்டரிப் பெண்கள் ஆறு பேர், ஒரே மஞ்சள் உடுப்பில். அவர்களில் ஒருத்தி எங்கள் தோட்டத்துப் பக்கம்.

"ஐயா, அங்க அம்புலன்ஸ் நிக்குது. இப்பவே போய் எடம் புடிச்சுக்குங்க!"

"நீ ஏறிக்க புள்ள. நான் முன்னால போய் உனக்கு டீ ஊத்தி வைக்கிறேன்."

மற்ற ஐந்து பேரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். விசில் அடித்தது. இளசுகள் ரெண்டு நிமிஷத்தில் பனிக்குள் மறைந்துபோனார்கள். நான் என் ஓட்டத்தை ஓடினேன்.

மூன்றாவது கிலோமீட்டர் கழிந்து காடு தொடங்குகிற இடத்தில் ஒரு மரம் நிற்கிறது. சிங்களவரோ தமிழரோ, காட்டுக்குள் போகிறவர் யாராயிருந்தாலும் ஒரு பச்சைக் கொப்பை முறித்து அதன் தாழ்ந்த கிளையில் தொங்கவிட்டுத்தான் போவார்கள். யானை கண்ணில் படாமல் காட்டுச் சாமி கூட வரும் என்று நம்பிக்கை. மிளகு வாங்க லொறியில் போன முப்பது வருஷமும் நான் அங்கே இறங்காமல் போனதில்லை. அன்றைக்குக் கையில் மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. "சாமி, இன்னைக்கு நேரக் கணக்கு, மனசுல வச்சுக்காதீங்க" என்று கும்பிட்டபடியே ஓடிவிட்டேன்.

கொஞ்ச தூரத்தில் என் இடது பக்கம் இன்னொரு காலடி கேட்டது.

சப்பாத்துச் சத்தம் இல்லை. ஈரத் தாரில் வெறுங்கால் வைக்கிற சத்தம், சப், சப் என்று. யாரோ எட்டிப் பிடித்துவிட்டான் என்று திரும்பினேன். பனிதான் இருந்தது. மண்மேட்டில் என் சத்தமே பட்டு வருகிறது போல என்று நினைத்தேன். மேடு முடிந்து பள்ளம் வந்தது. சத்தம் நிற்கவில்லை. வேகத்தைக் கூட்டினால் கூடியது, குறைத்தால் குறைந்தது. எப்போதும் எனக்கு அரை அடி முன்னால். சப்பாத்து நாடா கட்டுகிற மாதிரி குனிந்து பார்த்தேன். அது இன்னும் ரெண்டு எட்டு வைத்து நின்றது. நான் எழும்பும் வரை காத்திருந்தது.

இருபது வயசில் தனியாக மலை ஏறி மூட்டை சுமந்தவன் நான். பயந்தேன் என்று எழுத மாட்டேன். ஆனால் அதற்கப்புறம் இடது பக்கம் திரும்பிப் பார்க்கவும் இல்லை.  ஆறாவது கிலோமீட்டர் பலகையில் மணிக்கூடு ஐம்பது நிமிஷம் காட்டியது. சான்றிதழ் என் கையில் என்று நினைத்த நேரம், அந்தக் காலடி சட்டென்று நின்றது. இந்தத் தடவை நான் நிற்காமலே.

நானும் நின்றேன். ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் பதில் தெரியாது.

அப்போதுதான் வாடை வந்தது. நனைந்து புளித்த சாக்கு வாடை. முன்னால் பனி ஓர் இடத்தில் மட்டும் கறுப்பாக இருந்தது. அந்தக் கறுப்பு மூச்சு விட்டது.

பின்னால் சிரிப்பும் பேச்சுமாக அந்த ஆறு பேரும் வந்தார்கள். ரெண்டு கையையும் விரித்து ரோட்டை மறித்தேன்.

"என்னங்கய்யா, கராத்தேயா?" என்றாள் தோட்டத்துக்காரி.

"வாய மூடு. அலியன் நிக்குது."

பனி கொஞ்சம் விலகியது. முப்பதடி இருக்காது. ஒற்றை அலியன் யானை, நடு ரோட்டில், எங்களைப் பார்த்தபடி. காது அசையவில்லை. ஒரு பெண் அழத் தொடங்க, இன்னொருத்தி அவள் வாயைப் பொத்தினாள். ஒரு எட்டு, ஒரு எட்டாக அவர்களைப் பின்னால் நகர்த்திக்கொண்டு முன்னால் நான் நின்றேன். கையில் மணிக்கூடு ஓடியது. ஓரமாகப் புகுந்து ஓடிப் பார்க்கலாமா என்று ஒரு தரம் மனசு சொன்னது. நான் ஓடினால் அந்த ஆறு பேரும் ஓடுவார்கள். ஓடவில்லை.

தோட்டத்துக்காரி என் காதுக்குள் கேட்டாள்: "ஐயா, உங்க கூட ஓடி வந்தவரு எங்க? சப்பாத்து இல்லாம ஓடினாரே, அவரு?"

 "முன்னால போயிட்டாரு" என்றேன்.

"யானையத் தாண்டியா?"



இருபத்தொரு நிமிஷம் அப்படியே நின்றோம். அதற்கப்புறம் அது சருகு நொறுங்குகிற சத்தம்கூட இல்லாமல் காட்டுக்குள் போனது. போய் முடிந்த பிறகுதான் பந்தய அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து, என்ன ஏன் நிற்கிறீர்கள் என்று அதட்டினார். சொன்னோம். ஹோர்ன் அடித்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் போனார்.

ஒரு மணி நாற்பத்துநாலு நிமிஷத்தில் முடித்தேன். முடிந்த இடத்தில் ஒலிபெருக்கியில், யானையைக் கண்டு ஓட்டக்காரரை நிறுத்திக் காப்பாற்றினாரென்று அந்த மோட்டார் சைக்கிள்காரருக்கு நன்றி சொன்னார்கள். அவர் தலையாட்டி வாங்கிக்கொண்டார்.

நான் இலக்கம் எழுதுகிற மேசைக்குப் போய், "வெறுங்காலோட ஓடின ஆள் வந்துட்டாரா, பாருங்க" என்றேன். ரெண்டு தரம் எண்ணினார்கள். ஓடினவர் எல்லாரும் வந்துவிட்டார்கள், எல்லார் காலிலும் சப்பாத்து. தோட்டத்துக்காரி என் முகத்தைப் பார்த்தாள். வாங்கின டீயைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டாள்.

மகள் ஃபாரத்தை இன்னும் கிழிக்கவில்லை. "அவங்க நேரத்தைத் திருத்தி எழுதினா நான் தடுக்க மாட்டேன்ப்பா" என்கிறாள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பந்தயம் நடத்தினவர்களே, நின்ற இருபத்தொன்றைக் கழித்து என் நேரத்தை ஒரு மணி இருபத்துமூன்று என்று எழுதுங்கள். என்னை நிறுத்தினது யார் என்று எனக்கே தெரியாது. அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள். அந்த ஆறு பேரை நிறுத்தினது நான். அதை என் பேர் போட்டு எழுதுங்கள். மரதனுக்கு ஃபாரம் எடுக்கிற கடைசி நாளுக்கு முன்னால் எழுதுங்கள்.