ஓரமா போ

என் மனைவி சைக்கிளில் வேலைக்குப் போவதை யாராவது பாராட்டிப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் நகரப் பேருந்து ஓட்டுநர். சைக்கிள்காரர்கள் எப்படிப் போய்ச் சேர்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். சிலர் ஒரேயடியாகப் போய்ச் சேர்வதையும் பார்த்திருக்கிறேன்.

அவளுக்கு ஆஸ்பத்திரியில், டயாலிசிஸ் பிரிவில் வேலை. காலையில் முதல் நோயாளி வருவதற்குள் மெஷின்களைக் கழுவித் தயாராக வைக்க வேண்டும். அவள் தாமதமானால் அந்த நோயாளிக்கு ரத்தம் சுத்தப்படுத்துகிற நேரம்தான் குறையும். "உங்க பஸ்ஸை நம்பினா அந்த மனுஷன் ரத்தம் பாதி சுத்தமாகி வீட்டுக்குப் போகவேண்டியதுதான்" என்று என்னையே குத்திக் காட்டினாள். அவளுக்குச் சர்க்கரை வேறு ஏறிக்கொண்டே போனது. வெளியூர் வேலைக்குப் போன மகளின் சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் துடைத்துக் காற்றடித்துவிட்டாள்.

"இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்த வீம்பு?" என்று கேட்டேன்.

"வயசு எனக்குத்தானே, சைக்கிளுக்கா?"

சும்மா சொல்லக் கூடாது, அவளுக்கு அது ஒத்துக்கொண்டது. சர்க்கரை இறங்கியது. மாடி ஏறும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு முனகுவது நின்றது. பேக்கரிக்காரர் கையசைக்கிறாராம், தெருக்கூட்டும் அம்மா கண்ணாடிச் சில்லு கிடக்கிற இடத்தைச் சொல்லி அனுப்புகிறாளாம். வேலைக்கும் நேரத்துக்குப் போய்விடுகிறாள். ராத்திரி படுத்ததும் தூங்கிவிடுவாள். கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்தது நான்தான்.

ஏனென்றால், பேருந்தில் ஓட்டுநர் கண்ணுக்குப் படாத ஓர் இடம் உண்டு. முன் கதவை ஒட்டி, பக்கக் கண்ணாடிக்குக் கீழே. அங்கே எமனே வந்து நின்றாலும் தெரியாது. சிக்னலில் வண்டி நிற்கும்போது ஓரமாக ஊர்ந்து வருகிற சைக்கிள் சரியாக அங்கேதான் வந்து நிற்கும். அந்த நேரம் பார்த்து பஸ் இடது பக்கம் திரும்பினால் அவ்வளவுதான்.

இதை அவளிடம் சொல்ல தினமும் வாயெடுப்பேன். சொன்னால் பலித்துவிடுமோ என்று பயம். காலங்காத்தால அபசகுனமாகப் பேசுவதா? எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, "ஓரமா போ" என்று மட்டும் சொல்லிவிட்டு டிப்போவுக்குக் கிளம்புவேன். அவள் போய்ச் சேர்ந்து மிஸ்டு கால் கொடுக்கும்வரை போனை எடுத்து எடுத்துப் பார்ப்பேன்.

அன்று ஒரு ஓட்டுநர் வரவில்லை என்று என்னை ஆஸ்பத்திரி வழித்தடத்தில் போட்டார்கள். தூறல் வேறு. ஆஸ்பத்திரிக்கு முந்தைய சிக்னலில் நின்றேன். பச்சை விழுந்தது. கண்ணாடியைப் பார்த்தேன், யாருமில்லை. இடது பக்கம் ஒடித்தேன்.

பட் பட் பட் என்று பஸ் தகரத்தில் யாரோ உள்ளங்கையால் அறையும் சத்தம் கேட்டது.

"நிறுத்துங்கண்ணே! சைக்கிள், சைக்கிள்!" என்று கண்டக்டர் அலறினார்.

பிரேக்கை அழுத்தி மிதித்தேன். கண்டக்டர் குதித்து ஓடினார். எனக்கு இறங்கத் தைரியம் இல்லை. யாரென்று தெரியாதவரை அது வேறு யாரோதான் என்று உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணே, நம்ம அண்ணிண்ணே!"

எப்படி இறங்கினேனோ தெரியாது. பஸ்ஸுக்கும் நடைபாதைக் கல்லுக்கும் நடுவில் சைக்கிளின் முன்சக்கரம் நெளிந்து கிடந்தது. அவள் நடைபாதையோரச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். உள்ளங்கை சிவந்திருந்தது. முகம் வெளிறிப்போயிருந்தது.

"அறிவிருக்காடி உனக்கு? அங்க ஏன் வந்து நின்ன?" என்று அத்தனை பயணிகள் முன்னால் கத்தினேன். எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும்.

"நீங்கதானே ஓரமா போகச் சொன்னீங்க?"

அன்று சாயங்காலம் சமையல் மேடையில் தீப்பெட்டியை பஸ்ஸாக வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். "திரும்புற வண்டிக்குப் பக்கத்துல போகவே போகாத. பின்னாடி நில்லு. இல்லைன்னா ரோட்டு நடுவுல, டிரைவர் கண்ணுல படுற மாதிரி முன்னாடி போ."

"இதை ஏங்க முன்னாடியே சொல்லல?"

"வாயில வரல. பயம்." சைக்கிளை விற்றுவிடலாம் என்று கெஞ்சினேன்.

"ரிம் மாத்தினா போதுமாம்" என்றாள்.

இப்போது அந்த வழித்தடத்தை நானே கேட்டு வாங்கி ஓட்டுகிறேன். நேற்று எனக்கு முன்னால் சாலை நடுவில் அவள் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் கார்கள் ஹாரனால் காதைக் கிழித்தன. "ஹாரன் அடிங்க சார், நாங்க ஆபீசுக்குப் போக வேணாமா?" என்று ஒரு பயணி எகிறினார். நான் அடிக்கவில்லை. எந்த வண்டியும் என்னைத் தாண்டி அவள் பக்கம் போக முடியாதபடி பஸ்ஸைச் சாலை நிறைய அடைத்துக்கொண்டு, அவள் வேகத்துக்கே உருட்டினேன். அவள் ஆஸ்பத்திரி வாசலுக்குள் நுழைந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.