கட்டுப் போடாத கால்

உடைமாற்றும் அறையின் பெஞ்சில் குறுக்காக உட்கார்ந்து, இடது காலை நீட்டி, முழங்காலைச் சுற்றிக் கட்டுத்துணி கட்டிக்கொண்டிருக்கிறாள் குச்சி. அவசரப்பட மாட்டாள். ஒரு சுருக்கம் விழுந்தாலும் அவிழ்த்துவிட்டு மறுபடி தொடங்குவாள். நடுநடுவே "ஸ்ஸ்..." என்று பல்லைக் கடித்துக்கொள்வாள். பார்ப்பவர்களுக்கு ஐயோ பாவம் என்றிருக்கும். ஆனால் அந்தக் காலில் ஒரு குறையும் இல்லை. நோவெல்லாம் வலது முழங்காலில். அதுவோ ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி பெஞ்சுக்குக் கீழே வெறுமனே தொங்கிக்கொண்டிருக்கும்.

பள்ளியில் அவளுக்கு வைத்த பெயர் ஒட்டடைக்குச்சி. கூடைப்பந்து தொழிலாகி, கிளப் கிளப்பாக மாறி ஆடியதில் பெயரின் முன்பாதி எங்கோ உதிர்ந்து, குச்சி மட்டும் நின்றுவிட்டது. இளம் ஆட்டக்காரிகளுக்குக் குச்சியக்கா. எவ்வளவு உயரமான வாசலாக இருந்தாலும் குனிந்துதான் நுழைவாள். கேட்டால், "இடிச்சுக்கிட்டுக் குனியறதுக்கு, குனிஞ்சுக்கிட்டே போயிடலாம்ல?" என்பாள். பேருந்தில் அவளுடைய முழங்கால் முன்சீட்டுக்காரரின் முதுகைத் தொடும். அவர் திரும்பி முறைத்தால், "கழட்டி மேல வைக்க முடியாதுங்க, கூடவே பொறந்தது" என்று சிரிப்பாள்.

கணவர் தையல்காரர். அவளுடைய தோளுக்குத்தான் வருவார். அவள் நீளத்துக்கு எந்தக் கடையிலும் கால்சட்டை கிடைக்காமல், தைத்துக்கொள்ள அவரிடம் போனவள் அவரையே கட்டிக்கொண்டாள். "அளவெடுக்க டேப் பத்தல. ஒரேயடியா வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டேன்" என்பார் அவர். "மிச்சத் துணியில தைச்ச மாதிரி இருக்கீங்க, பேச்சைப் பாரு" என்பாள் இவள்.

கால் விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அதுவும் முதலிலேயே தெரியாது. அவள் ஆடிவிட்டு வரும் நாளெல்லாம் வெந்நீர் வைத்து, துணியைப் பிழிந்து, இடது முழங்காலுக்குப் பக்குவமாக ஒத்தடம் கொடுத்துவந்தார். ஒருநாள் அவளுக்கே மனசு கேட்கவில்லை. சொல்லிவிட்டாள். அவர் துணியைக் கையில் வைத்தபடியே, "அப்போ இத்தனை நாளா நல்ல காலுக்கா வைத்தியம் பார்த்தேன்?" என்றார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவர், "இந்த வருஷத்தோட போதுமே" என்றார்.

"பந்தை விட்டா எனக்கு என்னங்க தெரியும்? ஊசியில நூல் கோக்கக்கூட உங்களைத்தான் கூப்பிடறேன்" என்றாள் அவள்.

வலது முழங்கால் முதன்முதலாகப் பிசகியபோது கண்டுபிடித்த தந்திரம் இது. ஆட்டத்தில் கட்டு கண்ட இடத்தில்தான் இடி விழும். எதிரணிக்காரிகளின் கண் அதைத்தான் தேடும். ஆகவே நல்ல காலில் கட்டைப் போட்டு, இடிகளையெல்லாம் அந்தப் பக்கம் திருப்பிவிட்டாள். தன் அணிக்கும் இதே கதைதான். அணியின் பிசியோ ஒரு சின்னப் பெண். அவள் இடது காலை மடக்கிப் பார்த்து, நீட்டிப் பார்த்து, "சூப்பரா இருக்குக்கா!" என்று தன் கைராசியை மெச்சிக்கொள்வாள். வலது காலுக்கு வரும்போது குச்சி ஏதாவது ஊர்க்கதை பேசி அவளைச் சிரிக்க வைத்துவிடுவாள்.

இந்தத் தந்திரத்தில் அதிகம் ஏமாந்தவள் பீரோ என்றுதான் குச்சி நினைத்திருந்தாள். பீரோ வேறொரு கிளப்பின் ஆட்டக்காரி. பெயருக்கேற்ற அகலம். வளையத்துக்குக் கீழே இருவரும் முதுகோடு முதுகு தள்ளிக்கொண்டே தங்கள் இருபதுகளைக் கழித்தவர்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் பீரோ இடது பக்கமாகவே வந்து மோதுவாள். குச்சி உள்ளுக்குள் சிரித்துக்கொள்வாள்.

இந்த வருஷம் பீரோவைக் குச்சியின் கிளப்பே எடுத்துக்கொண்டது. வந்த முதல் நாள் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, குச்சி கட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏன்டி, இன்னும் நல்ல காலுக்கே கட்டிக்கிட்டிருக்கியா?"

குச்சியின் கை நின்றுவிட்டது. "யார் சொன்னா?"

"யாரு சொல்லணும்? எம்பிட்டு இறங்கும்போது உன் வலது கால் தரையைத் தொடவே யோசிக்குது. உன் மூஞ்சியைவிட உன் காலைத்தான்டி நான் அதிகமாப் பார்த்திருக்கேன்."

"அப்புறம் ஏன் எப்பவும் இடது பக்கமே வந்து இடிச்ச?"

பீரோ குனிந்து ஷூ கயிற்றை இழுத்துக் கட்டினாள். "வலது பக்கம் இடிச்சிருந்தா நீ அன்னைக்கே வீட்டுக்குப் போயிருப்ப. அப்புறம் நான் யாரோட ஆடறது?"

அன்று வீட்டில் குச்சி வெந்நீர் ஒத்தடத்தைக்கூட வேண்டாம் என்றுவிட்டாள். கணவர் துருவிக் கேட்டபோது, "நான் பெரிய கெட்டிக்காரின்னு நெனச்சுக்கிட்டிருந்தேங்க" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்து வந்ததுதான் உண்மையான சோதனை. வளையத்துக்குக் கீழே ஒருத்திக்குத்தான் இடம். அடுத்த வருஷத்துக்கு இரண்டு பேரில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று பயிற்சியாளர் அம்மா எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். பீரோ ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். கேள்வியும் நேராகவே வந்தது. "நீ அவளுக்கு எதிரா ஆடினவளாச்சே. அவ கால் எப்படி?"

"கட்டு போட்ட கால் கெட்டியாத்தான் இருக்கு மேடம்" என்றாள் பீரோ.

பக்கத்தில் நின்ற குச்சி, எதற்கென்றே தெரியாமல் ஒரு பந்தை எடுத்துத் தட்ட ஆரம்பித்தாள்.

பருவத்தின் கடைசி ஆட்டம். குச்சி களத்தில், பீரோ பெஞ்சில். ஜெயித்தால் கோப்பை. வளையத்தில் பட்டுத் தெறித்த பந்துக்காக எம்பினாள் குச்சி. பந்து கைக்கு வந்தது. ஆனால் இறங்கியபோது வலது முழங்காலுக்குள் ஏதோ நழுவியது. பந்தைத் தோழியிடம் தள்ளிவிட்டு நிமிர்ந்து நின்றுகொண்டாள். ஒருவரும் கவனிக்கவில்லை. அடுத்த முறை பந்து தெறித்தபோது அவளால் எம்ப முடியவில்லை. எதிரணியில் நேற்று வந்த சின்னப் பெண்ணொருத்தி அதை அவள் தலைக்கு மேலே பறித்துக் கூடைக்குள் போட்டுவிட்டாள்.

குச்சி பெஞ்சைப் பார்த்தாள். எல்லோருடைய கண்ணும் பந்தின் பின்னால் ஓடியது. பீரோ மட்டும் குச்சியின் வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தவள் எழுந்திருக்கவுமில்லை, பயிற்சியாளரிடம் வாயைத் திறக்கவுமில்லை. இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே திணித்து உட்கார்ந்திருந்தாள்.

ஆட்டம் நின்ற இடைவெளியில் குச்சி கையைத் தூக்கினாள். இத்தனை வருஷத்தில் தானாக வெளியே வர அவள் கேட்டதே கிடையாது. பயிற்சியாளர் அம்மாவுக்கு ஒரு கணம் புரியவே இல்லை. குச்சி கோட்டைத் தாண்டி வந்து, பீரோவின் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள்.

"எந்திரிடி. வளையத்துக்குக் கீழ போய் ஒரு பீரோ மாதிரி நில்லு."

"உனக்கு..." என்று இழுத்தாள் பீரோ.

"போடின்னா!"

பீரோ உள்ளே ஓடினாள். குச்சி பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தாள். பிசியோ பெண் பனிக்கட்டிப் பையோடு ஓடிவந்து மண்டியிட்டு, வழக்கம்போல இடது முழங்காலில் வைத்து அழுத்தினாள். "இங்கதானேக்கா?" என்றாள். பயிற்சியாளர் அம்மா ஆட்டத்தை விட்டுவிட்டு இவர்கள் பக்கம் திரும்பி நின்றார்.

குச்சி அவர் முகத்தை நேராகப் பார்த்தபடி, பனிக்கட்டிப் பையைப் பிசியோவின் கையோடு சேர்த்துத் தூக்கி, வலது முழங்காலின் மேல் வைத்துக்கொண்டாள்.