போனில் செல்வி ஏன் கீழே போனாள்?

ஊருக்கு வெப்சைட் செய்து கொடுப்பதும் கல்யாணத்துக்குப் புடவை எடுத்துக் கொடுப்பதும் ஒரே தொழில்தான்: அலைந்து வேர்த்தவளைத் தவிர மற்ற எல்லாருக்கும் ரசனை உண்டு. தெரிந்தவர்களுக்குச் சும்மா செய்து தருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட என் சக பாவிகளே, இது உங்களுக்காக. மற்றவர்கள் போய் வேறு வேலை பாருங்கள்.

என் முதல் வாடிக்கையாளர்கள் இரண்டு பெண்கள். அசாம் ஜாவா என்கிற எங்கள் ஊரில் அடுத்தடுத்த வீடு. ஸ்டெல்லா நண்டு சமைத்தால் பாசிர் பெனம்பாங் மீனவர் குப்பத்தில் மீன் விற்கிறவர்களே விரலை நக்குவார்கள். செல்விக்குச் சைவமும் பாயாசமும். இருவரும் ஒரு தொழிற்சாலைக் கேண்டீன் வேலையை விட்டுவிட்டுச் சேர்ந்து கல்யாணச் சமையல் ஆரம்பித்திருந்தார்கள். தை மாதக் கல்யாணங்களில் ஒன்றாவது கிடைக்காவிட்டால், திட்டிவிட்டு வந்த அதே சூப்பர்வைசர் முன்னால் போய் மறுபடி நிற்க வேண்டும். ஆகவே ஒரு வெப்சைட். அதற்கு நான்.

ஒரே ஒரு வரி

வெப்சைட் பக்கத்தில் என்னென்ன இருக்கிறது என்று சொல்வது ஒரு வேலை. அது எப்படி உடுத்திக்கொண்டு நிற்க வேண்டும் என்று சொல்வது இன்னொரு வேலை, அதற்குத்தான் சிஎஸ்எஸ். அதை அடியிலிருந்து எழுத எனக்குப் பொறுமை கிடையாது. பொறுமை இருந்திருந்தால் கன்னியர் மடத்திலேயே சேர்ந்திருப்பேன். நல்லவேளையாக யாரோ புண்ணியவான்கள் அதை எழுதி இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஃபிரேம்வொர்க் என்று பெயர். யானை கனத்தில் இருப்பவை உண்டு. நான் எடுத்தது எலிக்குஞ்சு. மொத்தக் கோப்பும் செல்வியின் ஒரு பாயாசப் படத்தின் கனத்துக்குக்கூட வராது. நம் வாடிக்கையாளர்கள் எஸ்டேட்டுக்குள் இருக்கிறவர்கள். செம்பனைத் தோட்டத்துக்குள் நுழைந்தால் போன் லைன் நொண்டும் என்பது எனக்குத் தெரியாதா?

அந்தக் கோப்பைக் கூப்பிடும் ஒரே ஒரு வரியைத் தலைப்பகுதியில் சேர்த்தேன். அதுவரை அவிழ்ந்து கிடந்த பக்கம் முகம் கழுவிப் பொட்டு வைத்த மாதிரி ஆகிவிட்டது. எழுத்து நிமிர்ந்தது. பொத்தான் பொத்தானாகத் தெரிந்தது. ஓடிப்போய் என் வீட்டுக்காரரை இழுத்து வந்து காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"எல்லாம் சரி. காலயில ஊற வச்ச உளுந்து என்னாச்சி?"

காலி இடம்

கான்வென்டில் ஓரம் விடாமல் எழுதினால் சிஸ்டர் ஸ்கேலைத் திருப்பிப் பிடித்து விரல் கணுவில் ஒன்று வைப்பார். என் எலிக்குஞ்சும் அந்த ரகம். எதை வைத்தாலும் சுற்றிலும் மூச்சுவிட இடம் விட்டுத்தான் வைக்கும். எனக்கு அது பிடித்துப்போனது.

ஸ்டெல்லாவின் புருஷன் அந்தோணிக்குப் பிடிக்கவில்லை. செம்பனைப் பழ லோரி ஓட்டுகிறவர். காலியாக ஓட்டினால் நஷ்டம் என்று பழகிய மனிதர். போதாததற்கு நம் ஊர்ப் பேனர்களைப் பார்த்து வளர்ந்த கண் வேறு. தலைவர் முகம், துணைத்தலைவர் முகம், டத்தோ பட்டக்காரர் முகம், டத்தோவின் மச்சான் முகம், இடுக்கில் நாலு ரோஜாப்பூ. துணி வெள்ளையாகத் தெரிந்தால் அது பேனரே இல்லை. திரையை விரலால் சாண் போட்டு அளந்தார்.

"இவ்ளோ எடம் சும்மாதான கெடக்கு, அதுல நம்ம லோரி படத்த போட்டா என்னாக்கா?"

எறும்பு அளவு

இந்த ஃபிரேம்வொர்க் திரையின் அகலத்தைப் பன்னிரண்டு பத்திகளாகப் பிரித்து வைத்திருக்கும். ஆறு ஸ்டெல்லாவுக்கு, ஆறு செல்விக்கு. இரண்டு முகமும் பக்கத்தில் பக்கத்தில். சாலமோன் ராஜாகூட இவ்வளவு சரியாகப் பங்கு போட்டிருக்க மாட்டார்.

போனிலும் அப்படியே வந்தது, ஆனால் எறும்பு அளவில். எல்லாரும் இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். தப்பு என்னுடையதுதான். 'போனின் அகலத்துக்குத் தக்கபடி நில்' என்று பக்கத்துக்குச் சொல்லும் ஒரு வரி உண்டு. அதைப் போட மறந்திருந்தேன். போன் தன்னைக் கம்ப்யூட்டர் என்று நினைத்துக்கொண்டு நடந்துகொண்டது. ஒருத்தர்கூடக் குறை சொல்லவில்லை என்பதுதான் அதிசயம். செல்வி பூரித்துப் போனாள்.

"பொண்ணு மாப்ள மாதிரி ஜோடியா இருக்கோம்க்கா. மூஞ்சிதான் சரியா தெரியல, அதுவும் நல்லதுக்குத்தான்."

சரிசெய்தேன், கெட்டது

சும்மா இருந்திருக்கலாம். கான்வென்ட் வளர்ப்பு விடவில்லை. மறந்த வரியைச் சேர்த்தேன். போனில் எழுத்து பெரிதானது, படங்கள் திரை முழுக்க வந்தன. பக்கத்தில் பக்கத்தில் நிற்க இடம் இல்லாததால், முதலில் இருந்த ஸ்டெல்லா மேலே நின்றாள், அடுத்திருந்த செல்வி அவளுக்குக் கீழே போனாள். உலகத்தில் உள்ள வெப்சைட்டெல்லாம் போனில் இப்படித்தான் அடுக்கிக்கொள்ளும். அதை உலகத்துக்குச் சொல்லலாம். செல்வியின் புருஷன் மணியத்துக்குச் சொல்ல முடியாது. அவர் எஸ்டேட்டில் மண்டோர், கங்காணி மாதிரி. யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்தே பிழைப்பு நடத்துகிறவர். கல்யாணப் பத்திரிகையில் தன் பெயர் இரண்டாவது வரிக்குப் போனதற்காக, பந்தியில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதாமல் திரும்பிய ஆள்.

உச்சி வெயிலில் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார். "என் பொஞ்சாதி அவங்களுக்கு அடியிலயா?" என்றார். கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினேன். இதோ பாருங்கள் மண்டோர், இதில் சமமாகத்தான் இருக்கிறார்கள், போன் ஒடுக்கம், அதனால்தான் இப்படி. ஹெல்மெட்டுக்குள் விரல் விட்டுச் சொறிந்தார்.

"அப்ப எல்லாரயும் கம்ப்யூட்டர்லயே பாக்கச் சொல்லிருங்க."

பொத்தானுக்குப் பக்கத்து வீடு

அவரை வாசல் தாண்ட வைத்தால் போதும் என்று ஒரு சமாதானம் சொன்னேன். "மண்டோர், ஆர்டர் கொடுக்கிற பொத்தான் எங்கே இருக்கிறது? கடைசியில். அதற்கு ஒட்டினாற்போல் இருக்கும் முகம் யாருடையது? வாடிக்கையாளர் விரல் வைக்கும்போது பார்ப்பது உங்கள் வீட்டு முகத்தைத்தான்." மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. மலர்ந்த முகத்தோடு நேராக வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கட்டுரை இத்தோடு முடிந்திருக்கும். அவர் போனது காப்பிக் கடைக்கு, அதை ஊருக்கே சொல்ல.

சாயங்காலம் என் வீட்டு கேட்டை மறைத்துக்கொண்டு ஒரு செம்பனை லோரி நின்றது. எஞ்சினை நிறுத்தாமலே அந்தோணி தலையை வெளியே நீட்டினார். காலையில் மாடி வீடாக இருந்த மேல் இடம் அதற்குள் அவருக்குக் குப்பைமேடு ஆகிவிட்டிருந்தது.

"அக்கா, ஸ்டெல்லாவ கீழ எறக்குங்க. எங்கள என்னா இளிச்சவாயன்னு நெனச்சிட்டீங்களா?"

தப்பு

ஸ்டெல்லாவை இறக்கினேன், மணியம் வந்தார். செல்வியை இறக்கினேன், அந்தோணி வந்தார். போனிலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்படி பத்திகளைக் கட்டிப்போட்டுப் பார்த்தேன். இரண்டு முகமும் ஐசி அடையாள அட்டைப் படம் மாதிரி சுருங்கியது மட்டுமில்லாமல், இடது பக்கம் யார் என்று அடுத்த பஞ்சாயத்து. எதற்கும் ஒரு வரி வைத்திருக்கும் ஃபிரேம்வொர்க்கில் புருஷன்மாருக்கு மட்டும் ஒரு வரியும் இல்லை. பொத்தானை அழுத்தினால் யார் நம்பருக்குப் போவது என்பதிலும் சண்டை வந்து, கடைசியில் என் நம்பரைப் போட்டு வைத்தேன்.

இதுவரை சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. ஆண்கள் ஊதி ஊதி, பெண்கள் பற்றிக்கொண்டார்கள். ஒரே வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் துணி காயப்போடும் இரண்டு பேரும் பேசுவதை நிறுத்தினார்கள். "நா தனியா நண்டு மட்டும் போட்டுக்குறேன்க்கா" என்று ஸ்டெல்லா சொல்லி அனுப்பினாள். நண்டுக் குழம்பை மட்டும் வைத்து எந்தக் கல்யாணப் பந்தி நடக்கும்? செல்வி கேண்டீன் சூப்பர்வைசருக்குப் போன் போட்டு இடம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். சேர்த்து வைக்கச் செய்த பக்கம் பிரித்து வைத்துவிட்டது. ஒரு கிண்ணம் பாயாசத்தோடு செல்வி வந்தாள், லஞ்சம்.

"மொதல்ல தப்பா போட்டீங்கல்லக்கா, அதயே திருப்பி போட்ருங்க. தப்பா இருந்தப்ப நாங்க நல்லா இருந்தோம்."

சுங்கை ஆயர் தாவாரிலிருந்து

போனுக்காகச் சேர்த்த அந்த வரியை அழிக்க உட்கார்ந்தேன். என் மானம் போனாலும் போகட்டும். அப்போது போன் அடித்தது. சுங்கை ஆயர் தாவாருக்கு உள்ளே ஓர் எஸ்டேட்டிலிருந்து ஒரு அம்மா. மகளுக்குத் தையில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு சுத்த சைவம், இவர்கள் வீட்டில் நண்டு இல்லாமல் கல்யாணமே இல்லை. இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்குமா? ஒருத்தர் நண்டுக்கு, ஒருத்தர் பாயாசத்துக்கு என்று ஆள் ஆளாகத் தேட அவருக்கு நேரமில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு, நாலு பேரையும் வரவழைத்தேன். சோபாவின் இந்த முனையில் ஸ்டெல்லாவும் அந்தோணியும், அந்த முனையில் செல்வியும் மணியமும். நடுவில் போன், ஸ்பீக்கரில். அந்த அம்மா லைனில் வந்ததும் முதல் கேள்வியாகக் கேட்டேன்: "அம்மா, எங்கள் வெப்சைட்டில் யார் படம் மேலே இருந்தது, யார் படம் கீழே இருந்தது, சொல்லுங்கள்."

"படமா? இங்க லைனு ஆமை மாதிரி ஊரும்மா. எழுத்து வந்திச்சி, பொத்தான் வந்திச்சி, அமுக்குனேன். படம் ஒண்ணும் வரலயே. ஏன், அதுல யாரு இருக்கா?"

மண்டோர் கூரையைப் பார்த்தார். அந்தோணி லோரிச் சாவியைப் பார்த்தார். செல்விக்குத் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாளோ என்று பயந்தேன், சிரிப்பு. ஸ்டெல்லா எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து போன் பக்கம் குனிந்தாள்.

"முக்கியமான ஆளுங்க யாருமில்லம்மா, ரெண்டு ஆம்பளைங்க. நண்டும் பாயாசமும் ஒண்ணாவே வரும்."

இரண்டு படத்தையும் அன்றைக்கே அவர்கள் சொல்லித்தான் எடுத்துப் போட்டேன். பக்கம் இன்னும் லேசாகி, எந்த எஸ்டேட்டிலும் கண்ணிமைப்பதற்குள் திறக்கிறது. எடை குறைந்த ஃபிரேம்வொர்க்காகப் பார்த்து எடுத்தால் மட்டும் போதாது சகோதரிகளே, இறக்கி வைக்க வேண்டிய பாரம் பெரும்பாலும் நம் வீட்டுச் சோபாவில்தான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும்.