பாலம் தாண்டுவதற்குள் போட்ட ஹார்ட்

உத்திரமேரூர் பக்கத்தில் எவனாவது சினிமாவுக்குக் கதை எழுத ஆரம்பித்தால் எப்படியோ என் நம்பர் அவன் கைக்குப் போய்விடுகிறது. காலையில் ரோஜாப்பூ போட்ட குட்மார்னிங் படம் வரும். பின்னாலேயே ஒரு குரல் பதிவு: "ப்ரோ, செம கதை ஒண்ணு கீது, டைரக்டர் நம்பர் தட்டி வுடு ப்ரோ." யார், எந்த ஊர், ஒன்றும் இருக்காது. போனைத் தூக்கிப் பாலாற்றில் வீசலாமா என்று எரிச்சல் வரும். ஆனால் திட்ட மாட்டேன். எனக்கு அந்த யோக்கியதை கிடையாது. இவன் கதவைத் தட்டத் தெரியாதவன். நான் திறந்த கதவை உதைத்தவன்.

எனக்கு ஒரகடத்தில் வேலை. வண்டிக்கு உதிரிபாகம் செய்கிற கம்பெனி. விடியும்போது பஸ் ஸ்டாண்டிலிருந்து கம்பெனி பஸ் கிளம்பும். மற்றவர்கள் தலையைச் சாய்த்துத் தூங்குவார்கள், நான் போனில் எழுதுவேன். ஒன்றரை வருஷம் அப்படி எழுதியதுதான் என் திரைக்கதை. நடவுக்குப் போகிற பதினோரு பெண்களை ஏற்றிக்கொண்ட குட்டியானை லோடு வண்டி ஏரிக்கரையில் நின்றுபோகிறது. மெக்கானிக் வருகிற வரைக்கும் ஒரு பகல் முழுக்க அவர்கள் பேசுகிற பேச்சுதான் படம். சண்டை, சிரிப்பு, அசிங்கமான ஜோக், புருஷனைத் திட்டுவது எல்லாம் உண்டு. அதில் பாதிக்கு மேல் என் அம்மா சொன்னது. அவளும் அந்த வண்டியில் ஏறிப் போகிறவள்தான். எங்களுக்கு நிலம் ஏது?

ஒரு டைரக்டரின் ஆபீசிலிருந்து பேஸ்புக்கில் கதை கேட்டிருந்தார்கள். ஒரு பக்கச் சுருக்கம், மெயிலில் மட்டும், போன் செய்ய வேண்டாம் என்று போட்டிருந்தது. அதிசயமாக அன்றைக்கு அவர்கள் சொன்னபடி செய்தேன். பிறகு முழுக் கதையும் கேட்டார்கள், அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து டைரக்டரே வாட்ஸப்பில் எழுதினார். "படிச்சேன். இந்தப் பேச்சையெல்லாம் எங்க பிடிச்சீங்க? இதைப் பண்ணலாம். நேர்ல பேசுவோம். அதுவரைக்கும் நமக்குள்ள இருக்கட்டும்."

பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்து சீட்டுக்காரன் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டான்.

என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பேனர் அடிக்கிற கடை வைத்திருக்கிறான். சாயங்காலம் அவனிடம் போனைக் காட்டினேன். இரண்டு தரம் படித்தான். முகம் மாறிவிட்டது.

"மச்சான், நமக்குள்ள இருக்கட்டும்னா இன்னா அர்த்தம்? அமுக்கப்போறான்னு அர்த்தம். நாளைக்கு உன் கதைய அவன் பேர்ல எடுப்பான். நீ பேஜாராயி நிப்ப. இத்த ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பு. ஆதாரம் வேணும்ல?"

இதை இப்போது படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். எங்களுக்கு வராது. எங்கள் தெருவில் வாய்ப்பேச்சை நம்பிக் கெட்டவர்கள்தான் அதிகம். நாளைக்கும் வேலை உண்டு என்பான் மேஸ்திரி, காலையில் போய் நின்றால் நான் எப்போது சொன்னேன் என்பான். அதனால் எதையும் நாலு பேருக்குத் தெரிய வைத்துவிடுவது எங்கள் வழக்கம். கல்யாணம் நிச்சயமா, பதவி கிடைத்ததா, உடனே ஒரு பேனர். ஊர் பார்த்துவிட்டால் பிறகு எவனும் பேச்சை மாற்ற முடியாது. அந்த நியாயம் எனக்கும் சரியாகத்தான் பட்டது. ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்பினேன்.

இரண்டு நாளில் பஸ் ஸ்டாண்டில் பேனர் நின்றது. ஒரு பக்கம் டைரக்டர், மறுபக்கம் நான், நடுவில் 'எங்கள் மண்ணின் கதாசிரியர்' என்று எழுத்து, மேலே டைரக்டரை வைத்துப் படம் எடுக்கிற தயாரிப்புக் கம்பெனியின் பேர். அந்த ஸ்க்ரீன்ஷாட்டையும் மூலையில் பெரிதாக்கிப் போட்டிருந்தான். அதையே பேஸ்புக்கிலும் ஏற்றி டைரக்டரை டேக் செய்திருந்தான். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டான். இந்த அன்புக்கு என்ன செய்வது?

அம்மாவை அழைத்துப்போய்க் காட்டினேன். படிக்கத் தெரியாது. என் முகத்தை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நம்ம தெருவுல செத்தாத்தான்டா போட்டோ போட்டு வெப்பாங்க. உசுரோட வெச்சிக்கிறாங்களே நைனா" என்றாள். மறுநாள் வண்டியில் ஏறியதும் பத்துப் பேரிடமும் சொல்லியிருக்கிறாள். தங்கள் பேச்சு சினிமாவில் வரப்போகிறது என்று நாற்றங்காலில் ஒரே கூத்தாம்.

மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் டைரக்டரின் துணை இயக்குநர் போனில் பேசினார். மரியாதையான அம்மா. "சார் இன்னும் தயாரிப்பாளர்கிட்ட கதையே சொல்லலைங்க. உங்க பேனரைப் பார்த்துட்டு அவங்க இவரைக் கேக்குறாங்க. பேனரையும் பேஸ்புக்ல போட்டதையும் எடுத்துடுங்க. தெரியாம நடந்ததுன்னு ரெண்டு வரி மெயில் போடுங்க, போதும். சார் கோவமா இல்ல. அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கார்."

இதைவிட நல்லவிதமாக ஒருத்தர் எப்படிச் சொல்ல முடியும்? ஆனால் என் காதில் மேஸ்திரியின் குரல்தான் கேட்டது. வாயை மூடிக்கொண்டு இரு, அப்போதுதான் வேலை. சரிங்க மேடம் என்றேன். மெயிலை ராத்திரி போடலாம் என்று விட்டேன், போடவில்லை. சிநேகிதனுக்கு மட்டும் சொன்னேன். பேனரைக் கழற்றினான். பேஸ்புக்கில் போட்டதை எடுக்கவில்லை. அதன் கீழே புதிதாக ஒன்று எழுதிவைத்தான்.

மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸில் அதைப் பார்த்தேன். "எங்க ஆளு எழுதலன்னா உங்க ஆபீஸ்ல ஒரு பேப்பர் நகராது. கதைய சுட்டுக்கினு கம்முனு இருக்கச் சொல்றியா? கூலிக்காரன் புள்ளன்னா இளப்பமா?"

படித்ததும் உடம்பு சூடானது. பொய் என்று தெரியும். அந்த மனுஷன் எதையும் சுடவில்லை. ஆனால் கடைசி வரி என் அடிவயிற்றிலிருந்து பிடுங்கி எழுதியது மாதிரி இருந்தது. என்னைக் கேட்காமல் என் விரல் போய் அதற்கு ஹார்ட் போட்டது.

பஸ் அப்போது பழையசீவரம் பாலத்தில் ஏறியது. ஆற்றுக்காற்று முகத்தில் அடித்தது. அடப்பாவி, என்ன காரியம் செய்தாய் என்று எனக்கே உறைத்தது. பாலம் இறங்குவதற்குள் ஹார்ட்டை எடுத்துவிட்டேன். சிநேகிதனைப் போனில் எழுப்பிக் கத்தி மொத்தத்தையும் அழிக்க வைத்தேன். இரண்டு நிமிஷம் இருந்திருக்குமா? அந்த விடியலில் எவன் பார்த்திருக்கப் போகிறான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பத்து மணி இடைவேளையில் போனைத் திறந்தால் டைரக்டரிடமிருந்து ஒரு படம். ஸ்க்ரீன்ஷாட். நான் அனுப்பினேனே, அதே வித்தை. சிநேகிதன் எழுதியது, அதன் அடியில் சிவப்பாக என் ஹார்ட், பக்கத்தில் என் பேர். கீழே எழுதியிருந்தார்: "உங்க நண்பர் எழுதினதுக்கு நீங்க பொறுப்பில்ல. இதைப் போட்டது நீங்க. என்னைத் திருடன்னு நம்புறவரோட ரெண்டு வருஷம் என்னால வேலை செய்ய முடியாது. உங்க கதையை எங்ககிட்ட இருந்து அழிச்சாச்சு. நல்ல கதை. வேற யாருக்காவது குடுங்க."

ஐந்து தரம் மன்னிப்பு எழுதினேன். ஒவ்வொன்றையும் நாலு நாள் யோசித்து, எழுத்துப்பிழை பார்த்து, மெயிலில் அனுப்பினேன். வேண்டிய நேரத்தில் இரண்டு வரி எழுத நோகிற கைக்கு அப்போது பக்கம் பக்கமாக வந்தது. பதில் இல்லை. வேறு இடங்களுக்கும் அனுப்பினேன். ஒரு ஆபீசில், நீங்கதான அந்த பேனர் ஆளு என்று கேட்டார்கள்.

எனக்குக் கோபமும் உண்டு, ஏன் மறைக்க வேண்டும்? சினிமாவில் பெரிய ஆள் ஒருத்தர் ஊரறியக் கத்தினால் மேதையின் கோபம் என்று பேட்டி எடுப்பார்கள். நான் ஒரு விரல் வைத்தேன், கணக்குத் தீர்த்துவிட்டார்கள். அநியாயம்தான். ஆனால் அந்த அநியாயத்தைக் காட்டி என் விரலைக் காப்பாற்ற முடியவில்லை. கதையைத் திருடிவிடுவார்கள் என்று எத்தனை பயந்தோம்! திருடியிருந்தால்கூட அந்தப் பதினோரு பேரும் திரையில் பேசியிருப்பார்கள். அவர் யோக்கியமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

படம் எடுப்பது தள்ளிப்போயிருக்கிறது, வண்டி இன்னும் ஏரிக்கரையில்தான் நிற்கிறது என்று அம்மாவிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். போன மழைக்கு அவர்கள் போகிற குட்டியானையில் நனையாமல் இருக்க, சிநேகிதன் கழற்றிக் கொடுத்த அந்த பேனரைத்தான் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு போனார்கள். அன்று சாயங்காலம் ஈரச் சேலையோடு வந்தவள் நேராகக் கேட்டாள். "எல்லாரும் கேக்குறாளுங்க. இன்னாதான்டா ஆச்சி, உள்ளத சொல்லு."

சொன்னேன். ஹார்ட் என்றால் என்ன என்று கேட்டாள். போனில் காட்டினேன்.

"இத்தினியூண்டு கீது. இத்தப் போட்டா எடுக்க முடியாதா?"

"எடுத்துட்டேம்மா. அப்பவே எடுத்துட்டேன்."

"அப்ப சரியாப்பூட்ச்சே" என்று அவள் முகம் தெளிந்தது. "வண்டி கெளம்பிடும்னு அவளுங்களாண்ட சொல்லிடட்டா?"