ஆறாவது குரோமோசோமில் ஓர் இடம்

தம்பியும் நானும் உரித்து வைத்த மாதிரி இருப்போம். ஸ்ரீரங்கத்தில் காய் வாங்கப் போனால்கூட, "திருவெறும்பூர்ல வேலை பாக்குறாரே, அவரு அக்காதானே நீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் தராசைத் தூக்குவார்கள். அதனால், தம்பிக்கு எலும்பு மஜ்ஜை மாற்ற வேண்டும், உங்களுடையது பொருந்துகிறதா பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னபோது எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்த அன்றே அம்மா எனக்கு மாதுளையும் முருங்கைக் கீரையுமாகத் திணிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"அவனுக்கும் சேத்து ஊறணும்ல, சாப்பிடு."

திருச்சியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். முகம் ஒத்துப்போவதற்கும் மஜ்ஜை பொருந்துவதற்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்து பயந்திருக்க வேண்டியவள் நான்தான். அந்த வாரம் வகுப்பில் மனிதப் பரிணாமம் ஓடிக்கொண்டிருந்தது. நமக்கு மிக நெருங்கிய உறவு சிம்பன்சி. கொரில்லா அதற்கு முன்பே பிரிந்த கிளை. ஆனால் மரபணுக்களைத் தனித்தனியாகப் பார்த்தால், சிலவற்றில் நாம் கொரில்லாவோடு ஒட்டி நிற்கிறோம். பொது மூதாதைக் கூட்டத்தில் இருந்த பல மரபணு வகைகள், கிளை பிரிந்தபோது யார் யாருக்கோ போய்ச் சேர்ந்ததால் வந்த குழப்பம் இது. அதனால்தான் விஞ்ஞானிகள் ஒரு மரபணுவை நம்பி மரத்தை வரைவதில்லை. ஏராளமானவற்றைச் சேர்த்துப் பார்த்துத்தான் வரைகிறார்கள்.

முடிவு வந்தது. கொஞ்சமும் பொருந்தவில்லை. டாக்டர் பார்த்தது ஆறாவது குரோமோசோமில் நோய் எதிர்ப்புக்கான மரபணுக்கள் இருக்கும் இடம். மனிதன் மனிதனாவதற்கு முன்பிருந்தே வரும் வகைகள் அங்கே உண்டு. அந்த இடத்தில் தம்பியைவிட எங்கோ இருக்கும் ஒரு சிம்பன்சி எனக்கு நெருக்கமாக இருக்கலாம். வகுப்பில் ரசித்து ரசித்துச் சொன்ன விஷயம்தான். இப்போது நினைத்தாலே எரிச்சல் வந்தது. அப்பா உயிரோடு இல்லை; பாதிப் பொருத்தமுள்ள அம்மாவிடம் எடுக்கலாமா என்று டாக்டரைக் கேட்டேன். அவள் இதயம் தாங்காது என்றார்.

"ஒரே வயித்துல பொறந்ததுங்க, எப்படிடி சேராமப் போகும்?" என்றாள் அம்மா.

தெரிந்த ஒன்றே ஒன்றைச் சொன்னேன். "அந்த எடத்துல உன்கிட்ட ரெண்டு வகை இருந்துச்சும்மா. ஒண்ணு எனக்கு வந்துச்சு, இன்னொண்ணு அவனுக்குப் போயிடுச்சு. அப்பாகிட்டேருந்தும் அப்படித்தான்."

அம்மா கேட்டாள்: "அப்ப நான்தான் உங்க ரெண்டு பேருக்கும் வேற வேறயாக் குடுத்துட்டேனா?"

இல்லைம்மா, அது நம் கையில் இல்லை என்றேன். அவள் நம்பவில்லை.