அடுத்த அறையில் கப்பல், என் அறையில் உப்பு

டிரேட்மார்க் வக்கீலுக்கு எதிர்க்கட்சி வக்கீலைவிட அடுத்த அறை வக்கீல்தான் பெரிய தொந்தரவு. கூடப் படித்தவன் முன்னேறுவதைப் பார்த்து ஒரு தடவையாவது வயிறெரிந்தவர்கள் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். மற்றவர்கள் பாக்கியசாலிகள், போய்வரலாம்.

கோர்ட்டுக்குப் போகாத வக்கீல்

நானும் செல்வினும் சட்டக் கல்லூரியில் ஒரே பெஞ்ச். துறைமுக ரோட்டில் ஒரே மாடியில் அறை பிடித்தோம். தகராறில் மாட்டிய கப்பலைக் கோர்ட் உத்தரவு வாங்கி நகரவிடாமல் நிறுத்துவது அவன் வேலை. கடைப் பாக்கெட்டுகளின் பேரையும் படத்தையும் பதிவு செய்து, காப்பியடிப்பவர்களைத் துரத்துவது என் வேலை. அவன் வாசலில் கிடக்கும் செருப்புகளைத் தாண்டித்தான் என் கட்சிக்காரர்கள் வர வேண்டும். ஒருநாள் அறை மாறி என்னிடம் வந்துவிட்ட, துறைமுகத்தில் சரக்கை விடுவித்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜெண்ட் ஒருவருக்கு என் தொழிலைப் பொறுமையாக விளக்கினேன். கேட்டு முடித்து எழுந்தார். "அப்பம் சார் கோர்ட்டுக்கெல்லாம் போக மாட்டிய, அப்படித்தான?"

அப்பாவின் படம்

வேம்பார்ப் பக்கம் உப்பளம் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், எங்கள் ஊர் வியாபாரிகள் வழக்கப்படி, பாக்கெட்டில் காலமான அப்பாவின் படத்தைப் போட்டிருந்தார். பதிவு செய்து கொடுத்தது நான்தான். பாகம் பிரிந்துபோன தம்பியும் அதே படத்தோடு உப்பு விற்க ஆரம்பித்தார். வழக்கமாக அண்ணாச்சியிடம் வாங்கும் மாலத்தீவுக் கடைக்காரர்கள் தம்பியின் சரக்கை அண்ணாச்சி உப்பு என்றே வாங்கினார்கள். அந்த வியாபாரம் கைவிட்டுப் போனால் உப்பளத்தை மூட வேண்டியதுதான். தம்பியைக் கூப்பிட்டு, படத்தை எடுத்துவிடுங்கள் என்றேன். மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. "சார், சொத்தைத்தான் பிரிச்சு எடுத்துக்கிட்டான். அப்பாவையுமா அவன் பேருல பதிஞ்சான்?"

தோணி

வேறு வழியில்லாமல் வழக்குப் போட்டேன். அந்தப் படத்தோடு தம்பி உப்பு விற்கக் கூடாது என்று தடை உத்தரவு கிடைத்தது. அந்த நேரத்தில் அவர் சரக்கு பழைய துறைமுகத்தில் மாலத்தீவு போகும் சரக்குத் தோணியில் ஏறிக்கொண்டிருந்தது. உத்தரவும் கையுமாக அண்ணாச்சியோடு துறைமுக கேட்டில் நின்றேன். பாஸ் இல்லாமல் உள்ளே விட மாட்டோம் என்றார்கள் காவலர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு செல்வினுக்குப் போன் போட்டேன். அவன் வந்து அவர்களைப் பார்த்துச் சிரித்தான், கேட் திறந்தது. தம்பியின் ஆட்கள் உத்தரவைப் பார்த்து மூட்டைகளை இறக்கினார்கள். மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு மனு எழுதியவன் நான். அண்ணாச்சியோ என்னைத் தாண்டிப் போய் செல்வின் கையைப் பிடித்துக்கொண்டார். "வக்கீல்னா நீருதாம்வே வக்கீலு!"

டீக்கடை

அண்ணாச்சி உப்பு மறுபடி தோணி ஏறியது, உப்பளம் தப்பியது. என் எரிச்சல் மட்டும் அடங்கவில்லை. செல்வின் டீ வாங்கிக் கொடுத்தபோதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவனோ, டீக்கடையில் சரம் சரமாகத் தொங்கிய பாக்கெட்டுகளையே பார்த்தான். பாதிக்கு மேல் நான் பதிவு செய்தவை. "ஒன்னைப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்குலே. நான் நிறுத்துன கப்பலெல்லாம் ஜாமீன் குடுத்துட்டுப் போயிருது, ஒண்ணுகூட இங்கன இல்ல. ஒன் வேலை தெருவெல்லாம் தொங்குது."

செல்வினே என்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறான் என்ற சந்தோஷம், அதையும் என்னைவிட அழகாகச் சொல்லிவிட்டானே என்ற வயிற்றெரிச்சலில் வீடு போய்ச் சேர்வதற்குள் தீர்ந்துபோனது.